கணக்கு டீச்சரின் செப நாட்கள்

ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

நான் நன்றாகவே இருக்கிறேன். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முணுமுணுக்கிறது. நீயும் உன் மனைவியும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. இந்த வருஷம் எனக்கு ஒரு புதுப் பொறுப்பு. கேட்டால் சிரிப்பாய். மாதாந்தரச் செப நாட்களுக்கும் கடைசி வகுப்புப் பெண்களின் ஆண்டுத் தியானத்துக்கும் இனி நான்தான். வெகு காலமாக அதைக் கவனித்துவந்த சிஸ்டரை வேறு மடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பதிலுக்கு வர வேண்டியவர் வரவில்லை. பெரிய சிஸ்டர், அதாவது எங்கள் தலைமையாசிரியை, என்னைக் கூப்பிட்டு, "உங்களுக்குத்தான் குடும்பம் குட்டின்னு ஒண்ணும் இல்லையே டீச்சர், நீங்க பாத்துக்குங்களேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். விடுதி மாடியேறி என் அறைக் கதவைச் சாத்திய பிறகுதான் கொஞ்சம் சுருக்கென்றது.

கணக்கு டீச்சருக்கும் செபத்துக்கும் என்ன சம்பந்தம் சொல். பூசைக்குப் போவேன், முழங்கால் போடுவேன், மனசு மறுநாள் பாடத்தில் கிடக்கும். இனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பாடம் கிடையாது. காலையில் பாட்டு, வாசகம், பிறகு மௌனம், சாமியார் வந்தால் அவரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம், மதியம் பூசை. நவம்பரில் பெரிய பெண்களை ஊருக்கு வெளியே தியான இல்லத்துக்குக் கூட்டிப்போய் மூன்று நாள் பேசாமல் வைத்திருக்க வேண்டும். இந்தப் பிள்ளைகள் மூன்று நிமிஷம் வாயை மூடினால் நான் தெர்மாமீட்டர் தேடுகிறவள்.

பாப்பாவின் படம் அனுப்புவதாகச் சொன்னாய். இன்னும் வரவில்லை. கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால், உன் கம்பெனி போனில் நீ 'ம்' போடுவதைக் கேட்பதற்குக் கடிதமே தேவலை.

உடம்பைப் பார்த்துக்கொள். அவளுக்கும் குழந்தைக்கும் என் அன்பு.

அக்கா


ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறேன் என்று எழுதுவாய், கொடுக்க மாட்டாய். டாக்டரிடம் போ.

எனக்கு வேலை அதிகம். பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் லிஃப்ட் ஒன்று வாரத்துக்கு ஒரு முறை இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிடுகிறது. போன வாரம் ஒரு வயசானவர் உள்ளே மாட்டிக்கொண்டார். நான் கூண்டின் கூரைமேல் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். கீழேயிருந்து, "தம்பி, அவசரமில்ல. ஆனா பேசிக்கிட்டே வேலை பாரு, எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு" என்றார். எனக்குப் பேச என்ன இருக்கிறது? 'ஸ்பேனரை எடுத்துட்டேன் சார், நட்டைக் கழட்டறேன் சார், கை வழுக்குது சார்' என்று செய்வதையே சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரித்தால் ஜன்னல் திறந்துவைத்த மாதிரி இருக்கிறது. படம் எடுத்ததும் அனுப்புகிறேன்.

நீ செபம் சொல்லிக்கொடுப்பதை நினைத்துச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

தம்பி


ஆகஸ்ட் 11

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் மூவரும் நலமாயிருப்பது பற்றிச் சந்தோஷம். டாக்டரிடம் போனேன். மாடியில் குடியிருக்காதே என்றார். சரி என்று சொல்லிவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

இரண்டு செப நாட்கள் முடிந்தன. முதலாவது ஒரே களேபரம். மௌன நேரத்தில் பெண்கள் கண்ணாலேயே ஊர்க்கதை பேசினார்கள். இரண்டாவது தடவை நாற்காலிகளை எல்லாம் ஜன்னலைப் பார்த்துத் திருப்பிப் போட்டேன். யாரும் யார் முகத்தையும் பார்க்க முடியாது. அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் பாதிப் பேர் தூங்குகிறார்கள், நாலைந்து பேர் அழுகிறார்கள். ஏன் அழுகிறாய் என்று கேட்டால், "தெரியல டீச்சர், சும்மா இருந்தேன், வந்துடுச்சு" என்கிறார்கள். பாடம் நடத்தும்போது இந்தத் தொல்லை இல்லை.

என் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். நான் வைத்த பெயர் கமா. ஒரு வாக்கியத்தை முடிக்கவே மாட்டாள். 'வந்து டீச்சர், நேத்து, அந்தக் கணக்கு, போட்டேன், அப்புறம்,' என்று போய்க்கொண்டே இருக்கும். விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அப்பா அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறார். அம்மா பேக்கரியில் வேலை. பார்வையாளர் ஞாயிறுகளில் அந்த அம்மா வந்தால் என் மாடி அறைவரை சிரிப்புச் சத்தம் கேட்கும். வரும்போதெல்லாம் ஒரு ரொட்டியை எனக்கும் கொடுத்தனுப்புவார். "டீச்சரம்மா தனியா சாப்பிடுறாங்க, சூடா ஒண்ணு குடு" என்று மகளிடம் சொல்வாராம். கமாதான் இதை என்னிடம் ஒப்பித்தாள். சொல்லக்கூடாது என்று அவளுக்குத் தோன்றவில்லை.

போன ஞாயிறும் அதற்கு முந்தியதும் அந்த அம்மா வரவில்லை. அப்பாதான் வந்தார்.

உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். ஒரு வரி அவள் கையாலும் எழுதச் சொல்லேன்.

அக்கா


அக்டோபர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. ஒரு பக்கம் வேலை, ஒரு பக்கம் ஜலதோஷம். இப்போது தேறிவிட்டேன். நீ எப்படி இருக்கிறாய்?

புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாப்பா நன்றாகப் படிக்கிறாள். முன்பல் விழுந்திருக்கிறது, சிரித்தால் ஜன்னல் திறந்த மாதிரி. பாப்பாவின் அம்மாவுக்கு எழுத நேரமில்லை, வீட்டு வேலை சரியாக இருக்கிறது. உன்னை விசாரித்தாள்.

மாடியைவிட்டுக் கீழே ஓர் அறை கேட்டு வாங்கு.

தம்பி


அக்டோபர் 24

அன்புள்ள தம்பிக்கு,

ஜலதோஷம் விட்டதா? நெஞ்சில் தங்கவிடாதே. நான் சுகம்.

மனசுதான் சரியில்லை. கமாவின் அப்பா போன திங்கட்கிழமை வந்தார். பெரிய சிஸ்டர் வகுப்பாசிரியை என்று என்னையும் உள்ளே கூப்பிட்டார். அந்த மனிதர் கை விரல்களிலிருந்த மையைத் துடைத்தபடியே பேசினார். மனைவி ஆகஸ்டிலிருந்து ஆஸ்பத்திரியில். வயிற்றில் ஆரம்பித்து எல்லா இடமும் பரவிவிட்டதாம். "பொண்ணுக்குத் தெரிய வேணாம் சிஸ்டர். மார்ச்சுல பரீட்சை. தெரிஞ்சா படிக்க மாட்டா. அவ படிச்சு முன்னுக்கு வரணும்னுதான் அவங்கம்மா அவ்வளவு பாடுபட்டா. கடையில வேலை ஜாஸ்தின்னு சொல்லி வெச்சிருக்கேன். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க" என்றார்.

"அதுவரைக்கும் அவங்க இருப்பாங்களா?" என்று நான் கேட்டேன். பெரிய சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த மனிதர் விரல்களையே துடைத்துக்கொண்டிருந்தார். பெற்றவர் சொல்லும்போது நாம் குறுக்கே நிற்க முடியாது என்று பெரிய சிஸ்டர் முடித்துவிட்டார். நானும் தலையாட்டினேன்.

அன்று மத்தியானம் கமா என் மேஜைக்கு வந்து, "டீச்சர், வந்து, இந்தத் தேற்றம், எனக்கு, கடைசி வரி மட்டும், வரல" என்றாள். சொல்லிக்கொடுத்தேன். நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். அதுதான் எனக்கே பிடிக்கவில்லை.

நீ இருந்தால் என்ன செய்வாய்? எழுது. நவம்பர் மூன்றாம் வாரம் தியானம். அதற்குள் உன் பதில் வந்தால் நன்றாக இருக்கும்.

அக்கா


நவம்பர் 26

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் வரவில்லை. சுகமாக இருப்பாய் என்று நானே முடிவுசெய்துகொண்டு இதை எழுதுகிறேன். நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தாங்காது.

தியான இல்லம் ஊர் எல்லையில் இருக்கிறது. நீளமான தாழ்வாரம், வரிசையாக அறைகள், இரும்புக் கட்டில்கள், ஓர் அறையிலும் கண்ணாடி கிடையாது. அந்தக் கடைசிச் செய்திதான் பெண்களுக்குப் பெரிய சிலுவை. துணைக்கு விளையாட்டு டீச்சர் வந்திருந்தார். பிரசங்கம் செய்ய வந்த சாமியாருக்குத் தொண்டை கட்டியிருந்தது. அவர் சொல்வது முன்வரிசைக்கு மட்டும் கேட்டது, மற்றவர்கள் பக்தியாகத் தலையாட்டினார்கள்.

நான் பயந்தபடி நடக்கவில்லை. முதல் நாள் மாலைக்குள் பிள்ளைகள் அடங்கிவிட்டார்கள். நீள மேஜையில் உட்கார்ந்து பேசாமல் சாப்பிடுவார்கள். கரண்டிச் சத்தம் மட்டும் கேட்கும். ஒருத்தி தண்ணீர் வேண்டும் என்று நினைப்பதற்குள் பக்கத்தில் இருப்பவள் கூஜாவை நகர்த்திவிடுவாள். பேசிக்கொண்டிருந்தபோது இதெல்லாம் அவர்கள் கண்ணில் பட்டதில்லை. மௌனம் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் ஆள் இருந்தால்தான் அது நன்றாக இருக்கிறதோ என்னவோ.

இரண்டாம் நாள் மாலைப் பூசையில் மன்றாட்டு. யார் வேண்டுமானாலும் எழுந்து சத்தமாகச் செபிக்கலாம். ஒருத்தி தன் அண்ணனின் வேலைக்காகக் கேட்டாள், ஒருத்தி உலக சமாதானம் கேட்டாள். பிறகு கமா எழுந்தாள். "எங்க அம்மாவுக்காக, அவங்க, கடையில ரொம்ப வேலை செய்யிறாங்க, என்னப் பாக்க வரக்கூட நேரம் இல்ல, அதனால, அவங்களுக்கு நல்ல ஓய்வு, கிடைக்கணும்னு, ஆண்டவரை மன்றாடுறேன்" என்றாள். எல்லோரும் சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். எனக்கு வாய் வரவில்லை. கேட்டருளிவிடாதே, கேட்டருளிவிடாதே என்றுதான் உள்ளே ஓடியது.

பூசைக்குப் பிறகு சாமியாரிடம் போய்ச் சொன்னேன். அவர், "பெத்தவர் ஒரு முடிவு எடுத்திருக்காரு. அதை மீறச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல டீச்சர். மீறாதீங்கன்னு சொல்லவும் வாய் வரல" என்றார். கட்டிய தொண்டையோடு அவர் சொன்ன அந்த வாக்கியம்தான் எனக்கு முழுசாகக் கேட்டது.

மூன்றாம் நாள் காலை இல்லத்தின் ஆபீசுக்குப் போன் வந்தது. கமாவின் அப்பா. நிலைமை மோசம், இனி பிழைக்க மாட்டார், ஆனால் பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம் என்று மறுபடியும் சொல்லி வைத்துவிட்டாராம். நான் தோட்டத்துக்குப் போனேன். அவள் ஒரு பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். "செருப்பைப் போட்டுக்கிட்டு வா" என்றேன். விரலை உதட்டில் வைத்து மௌனம் என்று சைகை காட்டினாள். டீச்சரே விதியை மீறுகிறாளே என்று சிரிப்பு வேறு.

"உங்கம்மாவுக்குக் கடையில வேலை இல்லம்மா. ஆஸ்பத்திரில இருக்காங்க. உடம்பு ரொம்ப முடியல. நாம இப்பவே போகணும்."

அவள் குவளையைக் கீழே வைத்தாள். "பொழைப்பாங்களா" என்று கேட்டாள். இழுக்கவில்லை, திக்கவில்லை. ஒரே வார்த்தை.

"இல்லன்னுதான் உங்கப்பா சொன்னாரு" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மற்றப் பிள்ளைகளை விளையாட்டு டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு இருவரும் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவள் அழவே இல்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும், "இதுவா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த அம்மாவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. மாடிவரை கேட்ட சிரிப்பெல்லாம் அந்த உடம்பில் எந்த மூலையில் இருந்தது என்று நினைத்துக்கொண்டேன். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோயிற்று. "பரீட்சை முடிஞ்சிடுச்சா?" என்றுதான் முதலில் கேட்டார். பரீட்சை முடிந்ததும் பிள்ளை வருவாள் என்று சொல்லி அவரையும் படுக்கவைத்திருக்கிறார் கணவர். இவள் கொஞ்சங்கூடத் தயங்கவில்லை. "முடிஞ்சிடுச்சும்மா. நல்லா எழுதியிருக்கேன்" என்றாள். கட்டில் ஓரத்தில் ஏறி, குழாய்களை ஒதுக்கி, பக்கத்தில் படுத்துக்கொண்டாள். அப்பா கதவருகே நின்று என்னைப் பார்த்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க அவள் அங்கேயே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா போய்விட்டார்.

நான் செய்தது சரிதானா தம்பி? நீயாவது சொல். பாப்பாவுக்கு என் முத்தம்.

அக்கா


டிசம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். நீ செய்தது சரி. முந்தின கடிதத்துக்கே பதில் எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தேன், வரவில்லை.

அந்தப் பெண்ணுக்கு உன்மேல் கோபமா? இத்தனை நாள் தெரிந்தும் சொல்லாமல் இருந்துவிட்டீர்களே என்று கேட்டாளா? கேட்டிருந்தால் நீ என்ன பதில் சொன்னாய் என்று எழுது.

இங்கே எல்லோரும் நலம்.

தம்பி


ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

உன் சின்னக் கடிதம் வந்தது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

கேட்டாய் அல்லவா, கோபமா என்று. விடுமுறை முடிந்து வந்த முதல் நாளே கேட்டாள். எல்லோரும் போன பிறகு வகுப்பில் நின்றாள். "அக்டோபர்லயே தெரியுமா டீச்சர் உங்களுக்கு?"

"தெரியும்."

"அப்ப, அத்தனை நாளும், எனக்குக் கணக்கு சொல்லிக் குடுத்துக்கிட்டா, இருந்தீங்க?"

ஆமாம் என்றேன். போய்விட்டாள். அதிலிருந்து வகுப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அவள் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்து சத்தம் போட்டார். "எம்பொண்ணுக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியாதா? நீங்க யாரு முடிவு பண்ண?" என்றார். பேசி முடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார். பெரிய சிஸ்டர் பிறகு என்னிடம், "நீங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன் டீச்சர். ஆனா சரின்னு தலையாட்டிட்டு மீறிட்டீங்க. நாளைக்கு ஒரு தகப்பன் நம்மள நம்பி எதையாவது சொல்லுவானா?" என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது. செப நாட்களை ஒரு சின்ன சிஸ்டரிடம் கொடுத்துவிட்டார்கள். கிட்டார் வாசிப்பார். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அந்தப் பொறுப்பு போனதில் எனக்கு இவ்வளவு வருத்தம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இப்போது நான் உன்னைக் கேட்கிறேன். ஜூலையில் பாப்பாவுக்கு முன்பல் விழுந்தது. அக்டோபரிலும் விழுந்தது, அதே ஜன்னல் திறந்தது. கணக்கு டீச்சரிடமே ஒரே கழித்தலை இரண்டு தடவை போட்டுக் காட்டலாமா? உன் மனைவி என்னை விசாரிக்கிறாள், சிரிக்கிறாள், ஆனால் ஒரு வரி எழுத அவளுக்கு நேரமில்லை. போன கடிதத்தில் விசாரிக்கவும் இல்லை.

நான் அதட்டிக் கேட்கவில்லை. உன் வீட்டில் யார் இருக்கிறார்கள்? எனக்குத் தெரியக்கூடாது என்று நீ நினைக்கிற விஷயம் பாதி தெரிந்துவிட்டது. மீதிப் பாதியை நானாக இட்டுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அது உண்மையைவிட மோசமாகத்தான் இருக்கும். எதுவானாலும் எழுது.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

இதை நான் பல தடவை ஆரம்பித்துவிட்டேன். நீ நலமாக இருக்க வேண்டும். அதைத் தவிர மற்ற விசாரிப்புகள் இந்தக் கடிதத்தில் வேண்டாம்.

வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன். போன வருஷம் பிப்ரவரியில், தவக்காலத்துக்கு முன்பே, அவள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நீ பயப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை. நான் குடிப்பதில்லை, கை நீட்டியதில்லை, வேறு யாரும் இல்லை. "சண்டை போடுற ஆளா இருந்தாக்கூடப் பரவாயில்ல. சுவரோட குடித்தனம் பண்ண என்னால முடியல" என்று சொன்னாள். உண்மைதான் அக்கா. வேலை முடிந்து வருவேன், சாப்பிடுவேன், உட்கார்ந்திருப்பேன். அவள் நாள் முழுக்க நடந்ததைச் சொல்வாள். எனக்குக் கேட்கப் பிடிக்கும். ஆனால் பிடிக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பிறகு அவளும் சொல்வதை நிறுத்திவிட்டாள். அது எந்த நாள் என்றுகூட நான் கவனிக்கவில்லை.

பாப்பாவை எப்போதாவது ஒரு பூங்காவில் பார்க்கிறேன். மாமியார் கொஞ்சம் தள்ளி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பல் விழுந்தது நிஜம். ஜூலையில் பார்த்ததுதான். அதற்குப் பிறகு எழுத எனக்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். அம்மா அப்பா போன பிறகு நீதான் என்னைப் படிக்கவைத்தாய், நீதான் பெண் பார்த்துக் கட்டிவைத்தாய். உனக்கென்று ஒன்றும் செய்துகொள்ளவில்லை. நீ உன் அறையில் உட்கார்ந்து, தம்பி குடும்பமாக இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வாய். அதையும் பிடுங்கிக்கொள்ள மனசு வரவில்லை. இன்னொன்றும் உண்டு. உனக்கு எழுதும்போது மட்டும் நாங்கள் மூன்று பேராக இருந்தோம். எழுதி முடித்து உறையை ஒட்டும்வரை.

அந்தப் பெண் கேட்டதற்கு நீ ஆமாம் என்றாய். இத்தனை நாளும் மறைத்துக்கொண்டா இருந்தாய் என்று நீ கேட்டால், நானும் அதையே சொல்கிறேன்.

தம்பி


மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டுக் கீழே இறங்கி விளையாட்டுத் திடலைச் சுற்றி நடந்தேன். முழங்கால் வலித்தது. வலிக்கட்டும் என்று நடந்தேன். கோபம் இல்லை. இருந்தது, பாதித் திடல் சுற்றுவதற்குள் போய்விட்டது.

நானும் உனக்கு எழுதாத ஒன்று உண்டு. விடுமுறை நாட்களில் விடுதி காலியாகிவிடும். சனிக்கிழமை மத்தியானம் வாட்ச்மேனிடம் வணக்கம் சொன்னால், அடுத்து வாய் திறப்பது திங்கட்கிழமை முதல் பீரியடில்தான். குரல் கரகரவென்று வரும். பிள்ளைகள், "சளியா டீச்சர்?" என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். நம் இரண்டு பேரையும் ஒரே அச்சில்தான் வார்த்திருக்கிறார்கள். எனக்குப் பேச ஒரு வகுப்பு கிடைத்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

போன வெள்ளிக்கிழமை இந்த வருஷத்தின் கடைசிச் செப நாள். பொறுப்பு இல்லாததால் பின்வரிசையில் உட்கார்ந்தேன். நாற்காலி எண்ண வேண்டாம், மணி பார்க்க வேண்டாம். மௌன நேரத்தில் எனக்கும் அது வந்துவிட்டது. பிள்ளைகள் சொன்ன மாதிரிதான், சும்மா இருந்தேன், வந்துவிட்டது. உனக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை.

முடிந்து எல்லோரும் போகும்போது கமா என் வரிசையில் வந்து நின்றாள். ஜனவரிக்குப் பிறகு அன்றுதான்.

"டீச்சர், லீவுக்கு, எங்க போவீங்க?"

"தம்பி வீட்டுக்கு" என்றேன். அதுவரை அப்படி ஓர் எண்ணம் எனக்கே இல்லை. "நீ?"

"வீட்டுக்குத்தான். இப்ப எங்க வீட்டுல யாரும், எதையும் மறைக்கறதில்ல டீச்சர். பேசினாத்தானே, மறைக்க." பிறகு, "நான் வீட்டுக்குப் போறப்பல்லாம், அப்பா ராத்திரி சாப்பாட்டுக்கு மூணு தட்டு எடுத்து வெக்கிறாரு. ஒண்ண நான் திருப்பி உள்ள வெச்சுடறேன். ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்றதில்ல" என்றாள்.

நான் அவள் தோளில் கை வைத்தேன். அவள் விலகவும் இல்லை, சாயவும் இல்லை. "நீ முதல்ல பேசு. என்ன சமைக்கலாம்னாவது கேளு" என்றேன். "பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மன்னித்துவிட்டாளா என்று தெரியவில்லை. கேட்கவும் எனக்கு உரிமை இல்லை.

பரீட்சைத் தாள்கள் திருத்தி முடிந்ததும் ஏப்ரல் இரண்டாம் வாரம் ரயில் ஏறுகிறேன். உன் மனைவியைச் சமாதானப்படுத்த வரவில்லை. அவள் போனதற்குக் காரணம் இருந்திருக்கிறது. அவளும் குழந்தையும் சுகமாக இருக்கிறார்களா என்று மட்டும் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், அவள் சம்மதித்தால். மற்ற நாட்களில் உன்னோடு இருக்கிறேன். வீட்டைச் சுத்தம் செய்து வைக்காதே. எப்படி இருக்கிறதோ அப்படியே பார்க்க வேண்டும்.

வரலாமா, வேண்டாமா என்று எழுது.

அக்கா


மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

வா.

ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறேன். என் வீடு தரைத்தளத்தில்தான், படி ஏற வேண்டாம். ஒரு கட்டில் இருக்கிறது, அது உனக்கு. ஜன்னல் பக்கம் வெளிச்சம் வரும், உட்கார்ந்து படிக்கலாம். அடுப்பில் ஒரு பர்னர்தான் எரிகிறது.

உன்னிடம் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். நீ வருவதை அவளுக்குப் போன் செய்து சொன்னேன். அவள் போன பிறகு நான் கூப்பிட்டுப் பேசியது இதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் நின்றேன். அவளும் போனை வைக்கவில்லை. அப்புறம், "அண்ணி வரட்டும். ஞாயித்துக்கிழமை பாப்பா வீட்லதான் இருப்பா. மத்தியானம் இங்க சாப்பிடட்டும்" என்றாள். நானும் வரலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வைத்துவிட்டாள். நீ மட்டும் போய்வா. பாப்பா எவ்வளவு உயரம் ஆகியிருக்கிறாள், என்ன பேசுகிறாள் என்று வந்து எனக்குச் சொல்.

இரண்டு நாள் லீவு கேட்டிருக்கிறேன். வீட்டில் உட்கார்ந்து உன்னோடு பேச வேண்டும் என்றுதான். என்ன பேசுவது என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன், ஒன்றும் தோன்றவில்லை. அன்றைக்கும் நான் வாயைத் திறக்காமல் இருந்தால், நீ எழுந்து உள்ளே போய்விடாதே அக்கா. கொஞ்ச நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திரு.

தம்பி